அரவைப் பருவமும் கருப்பையும்



'இடம்பெயர்ந்து உழைக்கும் பெண்களின் பேறுகால நலம்' என்று, மருத்துவமும் செவிலியமும் படிக்கும் மாணவிகளுக்கான இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நாடு முழுவதையும் தொட்டுக்கொண்டு போனால் ஒரு மணி நேரத்தில் உங்கள் கையில் புள்ளிவிவரம் மிஞ்சும், பெண்கள் மிஞ்ச மாட்டார்கள். ஆகவே ஒரே ஒரு மாவட்டத்தில் உட்கார்ந்துகொள்ளப் போகிறேன். மகாராஷ்டிரத்தில், மராத்வாடாப் பகுதியில் இருக்கிறது பீட் மாவட்டம். மேற்குத் தொடர்ச்சி மலை மழையை மறித்துக்கொள்ள, மிச்சம் மீதியை நம்பிப் பயிர் செய்யும் வறண்ட பூமி. தசரா முடிந்து தீபாவளி நெருங்கும்போது அங்கே ஊர்கள் காலியாகும். டிராக்டரிலும் லாரியிலும் பாத்திரம் பண்டம், ஆடு, கைக்குழந்தை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு லட்சக்கணக்கானோர் கோலாப்பூர், சாங்லி, சாத்தாரா, சோலாப்பூர் கரும்புக் காடுகளுக்கும், கர்நாடகத்துப் பெலகாவிக்கும் போவார்கள். மார்ச்சிலோ ஏப்ரலிலோ ஆலை அரவை நின்றால்தான் திரும்புவார்கள். வயதானவர்களும் பள்ளிக்கூடம் போகிற சில பிள்ளைகளும் வீட்டுக்குக் காவல்.

இந்த மாவட்டம் 2019 ஏப்ரலில் நாடு முழுவதும் பேசப்பட்டது. பீட் மாவட்டத்தின் சில கிராமங்களில் பாதிப் பெண்களுக்குக் கருப்பை இல்லை என்று 'தி இந்து பிசினஸ்லைன்' எழுதியது. தேசிய மகளிர் ஆணையம் மாநில அரசிடம் விளக்கம் கேட்டது. அதே ஆண்டு ஜூனில், அப்போது சுகாதார அமைச்சராக இருந்த ஏக்நாத் ஷிண்டே சட்டமன்றத்தில் ஒரு கணக்குச் சொன்னார். மூன்று ஆண்டுகளில் பீட் மாவட்டத்தின் 99 தனியார் மருத்துவமனைகளில் 4,605 கருப்பை நீக்க அறுவைகள் நடந்திருந்தன. சட்ட மேலவைத் துணைத் தலைவர் நீலம் கோர்ஹே தலைமையில் குழு அமைத்தார்கள். கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரிடம் விசாரித்ததில் 13,861 பேர் கருப்பையை இழந்தவர்கள் என்று தெரிந்தது. ஆறு பேருக்கு ஒருவர். 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் கருப்பை நீக்கப்பட்டவர்கள் 3.2 விழுக்காடு. இரண்டு கணக்கும் ஒரே அளவுகோலில் எடுத்தவையல்ல என்பது உண்மைதான். ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளி அளவுகோலால் மட்டும் வந்துவிடாது.

செய்தி வந்தவுடன் ஒரு விளக்கமும் கூடவே வந்தது. மாதவிலக்கு வந்தால் வேலைக்குப் போக முடியாது, கூலி போய்விடும், அதனால் இந்தப் பெண்கள் கருப்பையையே எடுத்துக்கொள்கிறார்கள் என்றார்கள். கேட்டதும் நெஞ்சில் அறைகிற விளக்கம். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. மாதத்தில் நான்கு நாள் தொல்லைக்காக வயிற்றைக் கிழித்துக்கொள்ள ஒரு பெண் மேசையில் ஏறிப் படுக்க மாட்டாள். அவளை அங்கே கொண்டுபோய்ப் படுக்கவைத்த பாதை நீளமானது. அது கூலி பேசும் இடத்தில் தொடங்குகிறது.

அங்கே கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு 'கோய்தா', அதாவது ஓர் அரிவாள். கணக்கு இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான். நம் ஊர் மேஸ்திரியைப் போன்ற 'முகாதம்' பருவத்துக்கு முன்பே முன்பணம் கொடுப்பார். ஒரு கோய்தாவுக்கு ஐம்பதாயிரம், லட்சம் என்று போகும். பணம் கணவன் கைக்கு வரும், கடன் இருவர் கழுத்திலும் ஏறும். அந்தத் தொகைக்கு ஈடாக இத்தனை டன் வெட்டியாக வேண்டும். 2024 ஜனவரியில் வெட்டுக் கூலியை 34 விழுக்காடு உயர்த்தி ஒப்பந்தம் போட்டார்கள். அதன் பிறகும் டன்னுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 366 ரூபாய். ஒரு தம்பதி விடியுமுன் இறங்கி இருட்டும் வரை நின்றால் இரண்டு டன் வெட்டலாம். எழுநூறு ரூபாய் சொச்சம், இரண்டு பேருக்கு. ஒருவர் படுத்துவிட்டால் மற்றவரால் தனியே அந்த வேலையைச் செய்ய முடியாது. ஆண் வெட்டிப் போட, பெண் சோகை உரித்து, கட்டுக் கட்டி, தலையில் தூக்கி, லாரியில் சாய்த்திருக்கும் பலகையில் ஏறி மேலே அடுக்க வேண்டும். ஒரு கட்டு முப்பது நாற்பது கிலோ. வராத நாளுக்கு அபராதம் உண்டு. ஐந்நூறு ரூபாய் வரை பிடிப்பதாகப் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். டாக்டரிடம் போன நாளும் அவர்கள் கணக்கில் வராத நாள்தான்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பீர்கள். வெட்டிய கரும்பு காத்திருக்காது. நேரம் ஆக ஆக எடை குறையும், சர்க்கரைச் சத்து இறங்கும். அதனால் ஆலை இரவும் பகலும் ஓடும், வெட்டு உத்தரவு ஆலையிலிருந்து வரும், நடு இரவில் லாரி வந்தாலும் எழுந்து பாரம் ஏற்ற வேண்டும். கரும்பின் அவசரம் ஆலைக்கு, ஆலையின் அவசரம் முகாதத்துக்கு, முகாதத்தின் அவசரம் அந்தப் பெண்ணின் இடுப்புக்கு என்று கைமாறுகிறது.

அவள் தங்கும் இடத்தைப் பாருங்கள். வயலோரத்தில் மூங்கிலை வளைத்துத் தார்ப்பாயோ ஓலையோ போர்த்திய கூம்புக் குடிசை. நிமிர்ந்து நிற்க முடியாது. கழிப்பறை கிடையாது, குளிக்க மறைவு கிடையாது. தண்ணீர் வாய்க்காலிலிருந்தோ கிணற்றிலிருந்தோ தூக்கி வர வேண்டும். மாதவிலக்குத் துணியை அலசத் தண்ணீர் இல்லை, அலசினால் வெயிலில் காயப் போட இடமில்லை. ஈரம் உலராத துணியையே திரும்பக் கட்டிக்கொண்டு, சோகை அறுக்கிற காட்டில் பதினான்கு மணி நேரம். சிறுநீரை அடக்குவது பழக்கமாகிவிடும், தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதும் பழக்கமாகிவிடும். இதெல்லாம் ஆறு மாதம். அப்புறம் வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி, இடுப்பு வலி, உதிரப்போக்கு என்று ஒவ்வொன்றாக வரும். வராவிட்டால்தான் ஆச்சரியம்.

பருவத்தின் நடுவே டாக்டரிடம் போனால் கூலி போகும். ஆகவே மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மார்ச் வரை தள்ளுவாள். ஊர் திரும்பியதும் கையில் பணம் இருக்காது, நோய் மட்டும் முற்றியிருக்கும். அரசு மருத்துவமனையில் பெண் மருத்துவர் இருப்பாரா என்பது நிச்சயமில்லை. பக்கத்துத் தாலுகா ஊரில் தனியார் மருத்துவமனை திறந்திருக்கும். அங்கே ஸ்கேன் எடுப்பார்கள்.

என் பணிக்காலத்தில் அரசு மருத்துவமனை வெளிநோயாளர் பிரிவில் இப்படிப்பட்ட ஸ்கேன் தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நம் ஊர்ப் பெண்கள் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக மடித்துக் கொண்டுவருவார்கள். அதில் 'பல்க்கி யூட்ரஸ்', அதாவது பருத்த கருப்பை என்று எழுதியிருக்கும். மூன்று குழந்தை பெற்ற பெண்ணின் கருப்பை, பிள்ளை பெறாதவளின் கருப்பையைவிடச் சற்றுப் பெரிதாகத்தான் இருக்கும். அது நோயல்ல. கருப்பை வாயில் லேசாகச் சிவந்திருப்பதைப் 'புண்' என்று சொல்லியிருப்பார்கள். பெரும்பாலும் அதுவும் பயப்படத் தேவையில்லாத ஒன்று. ஆனால் "புண் இருக்கு, விட்டா கேன்சராயிடும்" என்ற ஒரு வாக்கியம் போதும். "எடுத்துடுங்க டாக்டரம்மா, பிள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கு" என்று அவளே கேட்பாள். பீட் பெண்களும் கிட்டத்தட்ட இதே வாக்கியத்தைத்தான் செய்தியாளர்களிடமும் ஆய்வாளர்களிடமும் சொல்லியிருக்கிறார்கள். சம்மதப் படிவத்தில் கைநாட்டு இருக்கும். அந்தச் சம்மதத்துக்குள் எவ்வளவு பயம், எவ்வளவு கடன், எத்தனை பொய் என்று படிவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

செவிலிய மாணவிகளுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். தொற்று என்றால் கணவன், மனைவி இருவருக்கும் மாத்திரை கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். அதிக உதிரப்போக்குக்கு ட்ரானெக்சாமிக் அமில மாத்திரை உண்டு, ஹார்மோன் சிகிச்சை உண்டு, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் உண்டு. புற்றுநோய்ப் பயம் என்றால், நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டுக் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால் போதும், சந்தேகத்துக்குரிய இடம் வெளுத்துத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியரே செய்யலாம். செலவு மிகச் சொற்பம். இத்தனை படிகளையும் தாண்டித்தான் கத்தியிடம் போக வேண்டும். பீட் மாவட்டத்தில் படிகள் எல்லாம் காணாமல் போய், கத்தி மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

எடுத்த பிறகு? ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது என்பது எங்கள் பாடப்புத்தகம். அறுவைக்கான பணத்தையே பல வேளைகளில் முகாதம் கடனாகக் கொடுத்திருப்பார். அந்தக் கடனை அடைக்க அடுத்த பருவத்தில் அதே பலகையில் அதே கட்டோடு ஏறியாக வேண்டும். சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் முப்பத்தைந்து வயதில் மாதவிடாய் நின்ற நிலை வந்துவிடும். உடம்பு எரியும், தூக்கம் போகும், எலும்பு தேயும், இதய நோய்க்கான வாய்ப்பு கூடும். சினைப்பையை விட்டுவைத்தாலும் சிலருக்கு அது சீக்கிரமே ஓய்ந்துவிடுவதுண்டு. நோயிலிருந்து தப்பித்து வேலை செய்யலாம் என்று நம்பியவளுக்கு, வேலை செய்கிற உடம்பே மிஞ்சாமல் போகிறது.

பதின்வயதில் கல்யாணம், இருபது வயதுக்குள் இரண்டு பிள்ளை, அதையொட்டிக் குடும்பக் கட்டுப்பாடு அறுவை, முப்பதுகளில் கருப்பை நீக்கம் என்பது அங்கே பழகிப்போன வரிசை. தம்பதியாகப் போனால்தான் ஒரு கோய்தா என்பதால் பெண்ணுக்குச் சீக்கிரம் மணம் முடிப்பதில் முன்பணக் கணக்கும் கலந்திருக்கிறது. இதைத் தனியாகவே ஒரு நாள் பேசலாம்.

கர்ப்பிணியின் கதைக்கு வருகிறேன். செய்தித்தாள்கள் கருப்பை நீக்கத்தோடு நின்றுவிட்டன. எனக்கோ இதுதான் கூடுதல் கவலை.

ஜூனில் கருத்தரித்த பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். தீபாவளியில் வண்டி ஏறும்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். மார்ச்சில் பிரசவம். வயிற்றுப் பிள்ளை வேகமாக வளரும் மாதங்கள் அத்தனையும் கரும்புக் காட்டில். அரசுத் திட்டம் என்ன சொல்கிறது? குறைந்தது நான்கு முறை பரிசோதனை. 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை. பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டம் 2016-இல் வந்தது, அதன்படி ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனையில் மருத்துவரே கர்ப்பிணிகளைப் பார்ப்பார். எல்லாம் நல்ல திட்டங்கள். ஆனால் அவள் பெயர் பீட் மாவட்டத்துக் கிராமச் செவிலியரின் பதிவேட்டில் இருக்கிறது, வயிறு சாங்லி மாவட்டத்து வயலில் இருக்கிறது. பீட் செவிலியர் 'ஊரில் இல்லை' என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். சாங்லி செவிலியருக்கு அப்படி ஒருத்தி வந்திருப்பதே தெரியாது. வயலோரக் குடிசைகள் எந்த வார்டு எல்லையிலும் வருவதில்லை. 9-ஆம் தேதி காலையில் அவள் தலையில் கட்டு இருக்கும்.

பிரசவ வலி வயலிலேயே வந்துவிட்டால் கூட இருக்கும் பெண்கள்தான் மருத்துவச்சி. சில நாளில் குழந்தையை வரப்பு நிழலில் தூளி கட்டிப் போட்டுவிட்டு வேலைக்கு இறங்கியவர்களின் கதைகள் அந்தப் பகுதி பற்றிய பல பதிவுகளில் உண்டு. மகப்பேறு நலச் சட்டம் 1961-இலேயே வந்தது. 2017-இல் விடுப்பை 26 வாரமாக உயர்த்தியபோது அலுவலகங்களில் இனிப்புக் கொடுத்தார்கள். கரும்பு வெட்டும் பெண்ணுக்கு அந்த 26 வாரத்தில் ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை, ஏனென்றால் அவளுக்கு முதலாளி யார் என்றே எழுத்தில் இல்லை. ஆலை, வெட்டுக்கும் வண்டிக்கும் ஒப்பந்தக்காரரோடு கையெழுத்துப் போடுகிறது. ஒப்பந்தக்காரர் முகாதத்தைக் கைகாட்டுவார். முகாதம் கணவனிடம் பேசி முடிப்பார். நான்காவது கையாக நிற்கும் மனைவியின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. முதல் பிரசவத்துக்கு மத்திய அரசு தரும் 5,000 ரூபாயைப் பேறுகால விடுப்புக்கு ஈடு என்று யாராவது சொன்னால், அதை அவள் பங்குக்கு வரும் இரண்டு வாரக் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எதுவுமே நடக்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. கோர்ஹே குழு, பருவத்துக்குப் புறப்படுமுன்பும் திரும்பி வந்த பின்பும் உடல் பரிசோதனை வேண்டும் என்றது. பீட் மாவட்டத்தில் தனியார் மருத்துவமனைகள் கருப்பை நீக்க அறுவைக்கு மாவட்ட அரசு மருத்துவ அதிகாரியின் அனுமதி பெற வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது. இடம்பெயரும் தாய் சேய்களைப் பின்தொடர மகாராஷ்டிர அரசு ஒரு கணினிப் பதிவு முறையும் தொடங்கியது. மறைந்த அரசியல் தலைவர் கோபிநாத் முண்டே பெயரில் கரும்பு வெட்டும் தொழிலாளர் நல வாரியம் அமைத்து, அதற்கு ஆலைகளிடமிருந்து டன்னுக்குப் பத்து ரூபாய் வசூலிக்க முடிவானது.

நீதிமன்றத்தின் பங்கும் பெரிது. ராஜஸ்தானைச் சேர்ந்த மருத்துவர் நரேந்திர குப்தா, பீகார், ராஜஸ்தான், சத்தீஸ்கர் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்கு, அரசுக் காப்பீட்டுப் பணத்துக்காகவே கருப்பை நீக்கம் நடந்ததைச் சுட்டிக்காட்டி 2013-இல் உச்ச நீதிமன்றம் போனார். மத்திய அரசு 2022-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2023 ஏப்ரல் 5 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு, எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் அவற்றை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு அமைத்து, எந்த வயதுப் பெண்ணுக்கு எதற்காக எடுத்தார்கள் என்று கணக்குக் காட்ட வேண்டும். இது பீட் மாவட்டத்தில் மட்டும் நடப்பதல்ல என்பதையும் இந்த வழக்கு காட்டியது. நமக்குப் பக்கத்திலேயே, 2015-16 கணக்கெடுப்பில் கருப்பை நீக்கப்பட்ட பெண்கள் ஆந்திரத்தில் 8.9 விழுக்காடு, தெலங்கானாவில் 7.7 விழுக்காடு.

இவற்றை நான் வரவேற்கிறேன். ஆனால் இந்த ஏற்பாடுகள் பெரும்பாலும் அறுவை அறையின் வாசலில்தான் காவல் போட்டிருக்கின்றன. வாசலைச் சாத்தினால் அறுவை குறையும், வெள்ளைப்படுதல் குறையாது. அனுமதி கேட்கிற மாவட்டத்தைத் தாண்டிப் பக்கத்து மாவட்டத்துக்குப் பேருந்து ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 2024 மார்ச்சில் 'நியூயார்க் டைம்ஸ்' இதே கரும்புக் காடுகளில் விசாரித்து எழுதியபோது, கோகோ கோலாவுக்கும் பெப்சிக்கும் சர்க்கரை கொடுக்கும் ஆலைகளின் வயல்களிலும் முன்பணம், சிறுவயது மணம், கருப்பை நீக்கம் எல்லாம் அப்படியே இருந்தன. ஐந்தாண்டு ஆரவாரத்துக்குப் பிறகு.

என் கருத்தைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். இது மருத்துவத் துறை தனியாகத் தீர்க்கக்கூடிய நோயல்ல. கணக்கை இரண்டாகப் பிரித்து, மனைவியின் பெயரில் தனிக் கூலிச் சீட்டு போட வேண்டும். முதலாளி ஆலைதான் என்று சட்டம் சொல்ல வேண்டும். யாருக்கு எவ்வளவு கரும்பு எப்போது வேண்டும் என்று முடிவு செய்பவர் முதலாளி இல்லையென்றால் வேறு யார்? மாதத்தில் இரண்டு நாளாவது கூலியோடு ஓய்வு, அபராதத்துக்குத் தடை, வயலோரத்தில் தண்ணீரும் கழிப்பறையும், இவை ஆலையின் செலவில் வர வேண்டும். டன்னுக்குப் பத்து ரூபாய் வாங்கி அலுவலகம் நடத்துவதைவிட அது பயனுள்ளது. 'மகாம்' என்ற பெண் விவசாயிகள் கூட்டமைப்பு போன்றவை பல ஆண்டுகளாக இப்படிப்பட்ட கோரிக்கைகளைத்தான் வைக்கின்றன. முன்பணத்தை ஒழிக்காமல் எதுவும் முடியாது என்பவர்கள் உண்டு. ஒழிந்தால் நல்லதுதான், ஆனால் மழை பெய்யாத ஊரில் அக்டோபர் மாதம் வீட்டில் அரிசி வாங்க வேறு பணம் எங்கே என்று அவர்களும் சொல்வதில்லை.

கடைசியாக உங்களுக்கு, குறிப்பாகச் செவிலிய மாணவிகளுக்கு. நீங்கள் யாரும் பீட் போகப் போவதில்லை. ஆனால் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீரிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அவர்களுக்கும் முன்பணம் உண்டு, அவர்களும் ஆறேழு மாதம் தங்கிவிட்டுத் திரும்புகிறார்கள், அவர்களிலும் கர்ப்பிணிகள் இருக்கிறார்கள். நம் கரும்பு வெட்டுக்கும் வெளியூர் ஆட்கள் வருகிறார்கள். நாளைக்கு உங்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் கிடைக்கும். அதன் எல்லைக்குள் சூளையோ வெட்டோ இருந்தால், அவர்கள் வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே அங்கே போங்கள். பகலில் போனால் வேலையில் இருப்பார்கள், மேஸ்திரி மட்டும்தான் பேசுவார். சாயங்காலம் அடுப்பு மூட்டும் நேரத்தில் போங்கள். மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். கர்ப்பிணி யார், கடைசி மாதவிலக்கு எப்போது, எந்த மாதம் ஊர் திரும்புவார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். உள்ளூர் முகவரி இல்லை, ஆதார் வேறு மாநிலம் என்று கணினி மறுத்தால் நோட்டில் எழுதுங்கள், எழுதிய கையோடு மேலதிகாரியிடம் கேளுங்கள். மாத்திரை கொடுக்க எந்தக் கணினியின் அனுமதியும் வேண்டாம். அவர்கள் ஊர் திரும்புமுன் தாய்-சேய் அட்டையில் எல்லாவற்றையும் எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள். வெள்ளைப்படுகிறது என்று ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னால், அவளையும் அவள் கணவனையும் அன்றைக்கே பரிசோதனைக்கு வரச் சொல்லி, வரும்வரை விடாதீர்கள்.